கேட்பாரற்றதா வானொலி?

"வானொலியை இப்போது யார் கேட்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. விளம்பரக்காரர்கள் பணம் ஒதுக்கும் கூட்டத்திலும் இதழியல் வகுப்பறையிலும் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவிலும் அது முடிந்துபோன தீர்ப்பாகவே ஒலிக்கிறது. இளைஞர்கள் யூடியூபுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் போய்விட்டார்கள், முதியவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும்தான் மிச்சம், அவர்களோடு வானொலியும் போய்விடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதற்குச் சான்றாகச் சென்னையின் தெற்குப் புறநகரைக் காட்டுவது எளிது. சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் நிறுவனப் பேருந்தில் ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு காதிலும் ஒரு இயர்போன், ஒவ்வொரு கையிலும் ஒரு தனித் திரை, இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்பார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் கட்சி. எண்ணத் தவறியதை இல்லாததாகக் கருதுவதால் தவறு. வானொலியின் கடந்த காலத்தைப் பொய்யாக நினைவுகூர்வதால் தவறு. இதை நம்பித்தான் ஒலிபரப்பின் எதிர்காலம் முடிவாகிறது என்பதால் இதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

முதலில் எண்ணிக்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் இந்தியக் குடும்பங்களில் 35.1 விழுக்காட்டினரிடம் வானொலிப் பெட்டி இருந்தது. 2011இல் அது 19.9 ஆகச் சரிந்தது. வானொலியின் இரங்கல் குறிப்பை எழுதுபவர்கள் தவறாமல் எடுத்துவைக்கும் எண் இது. ஆனால் கணக்கெடுப்பாளர் கேட்டது வீட்டில் என்ன பொருள் இருக்கிறது என்றுதான். சைக்கிள் உண்டா, தொலைக்காட்சி உண்டா, ரேடியோ உண்டா என்ற வரிசையில் வந்த கேள்வி அது. நேற்று நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. அதே பத்தாண்டில்தான் சென்னையில் சூரியன், மிர்ச்சி என்னும் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. 2006இல் ஹலோ எஃப்எம் போன்றவை சேர்ந்துகொண்டன. அதே பத்தாண்டில்தான் கைப்பேசிக்குள் பண்பலை ஏற்பி புகுந்தது. 2011 கணக்கெடுப்பில் 63.2 விழுக்காட்டுக் குடும்பங்களிடம் தொலைபேசி இருந்தது. அதில் ஆகப் பெரும்பகுதி கைப்பேசி. பெட்டி மேசையிலிருந்து இறங்கிச் சட்டைப்பைக்குள் போனது. மேசையை மட்டும் பார்த்தவருக்கு அது காணாமல் போனதாகத்தான் தெரியும்.

சரி, பெட்டியை விட்டுவிட்டுக் கேட்பவரை எண்ணும் அளவை இருக்கிறதே என்று கேட்கலாம். வந்தது, சென்னைக்கு வரவில்லை. டாம் நிறுவனம் 2007இல் தொடங்கிய 'ராம்' என்னும் வானொலி நேயர் அளவீடு, தேர்ந்தெடுத்த சிலரிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டார்கள் என்று எழுதச் சொல்லும் முறை. மும்பை, தில்லி, பெங்களூருவில் தொடங்கி, பிறகு கொல்கத்தாவையும் சேர்த்துக்கொண்டது. அந்த வரிசையில் சென்னை இல்லை. 1924இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிய நகரம் இது. 1977 ஜூலையில் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு நடந்ததும் இங்கேதான். இப்படிப்பட்ட நகரத்தில் நேயர்களைத் தொடர்ந்து எண்ண எவரும் முன்வரவில்லை. ஆனாலும் சென்னையில் வானொலி செத்துவிட்டது என்று துணிந்து சொல்ல ஆள் இருக்கிறது. எண்ணாத ஒன்றின் சரிவை இவர்கள் எந்தக் கோலால் அளந்தார்கள்?

அந்த 1977ஐ இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அன்று சென்னையில் பண்பலை ஏற்பி உள்ள வீடு மிகமிக அரிது. கடைகளில் விற்ற டிரான்சிஸ்டர்களில் மத்திய அலையும் சிற்றலையும்தான். அந்த ஆண்டு நேயர் கணக்கெடுத்திருந்தால் பண்பலைக்குக் கேட்பவர் கிட்டத்தட்ட இல்லை என்றுதான் வந்திருக்கும். அதை வைத்து ஒலிபரப்பியை இழுத்து மூடியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூடவில்லை. 1993இல் அதன் சில மணி நேரங்களைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டபோது நகரம் பண்பலை பக்கம் திரும்பியது. கேட்கும் கூட்டம் தானாக முளைப்பதில்லை. கருவி, அலைவரிசை, அதில் வரும் பேச்சு, கேட்பவருக்கு வாய்க்கும் ஓய்வு ஆகிய நான்கும் சேரும்போது அது உருவாகிறது. இவற்றில் ஒன்று நகர்ந்தால் கூட்டமும் நகர்கிறது.

இங்கேதான் அந்தப் பொய்யான நினைவு குறுக்கே வருகிறது. முன்பு குடும்பமே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது, இப்போது அந்தக் காலம் போயிற்று என்று ஏங்குகிறோம். அப்படிக் கேட்டது உண்மைதான். ஆனால் வானொலிக்கு அது ஒரு காலகட்டம் மட்டுமே. சென்னையில் வானொலியின் முதல் பெருங்கூட்டம் வீட்டில் உட்கார்ந்து கேட்கவில்லை. ரேடியோ கிளப் பணமின்றி மூடிய பிறகு அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது; கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. பெட்டி வாங்க வசதியில்லாத மக்கள் நின்றபடி கேட்டார்கள். பிறகு ஊராட்சி ரேடியோ வந்தது. ஊர்ப் பொது இடத்தில் கம்பத்தில் கட்டிய குழாய் மாலையானால் பேசும், செய்தியும் விவசாயமும் சொல்லும். 1960களில் திருச்சி வானொலி வழியாகப் பரவிய ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். அதைக் கேட்டவர்கள் வரப்பிலும் டீக்கடை பெஞ்சிலும் இருந்தார்கள். டிரான்சிஸ்டர் மலிந்த பிறகுதான் பெட்டி பரவலாக வீட்டுக்குள் வந்தது, அதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாலை நேரம் வானொலியின் கையைவிட்டுப் போனது. அன்றும் வானொலிக்குச் சாவுமணி அடித்தார்கள். காலைப் பொழுதும் பின்னிரவும் வானொலியிடமே தங்கின.

கேட்பவர்கள் நிலையத்தை விட்டுப் போவதை வானொலியை விட்டுப் போவதாகப் புரிந்துகொண்ட பிழை இந்த நாட்டில் முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அதை அகில இந்திய வானொலியில் ஒடுக்கினார். மக்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்பவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். அதன் அறிவிப்பாளர்களான மயில்வாகனனும் பிறகு கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர்களைப் போல அறியப்பட்டது அந்தத் திருப்பத்தின் தொடர்ச்சியில்தான். 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி அரசு தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. அந்த ஐந்தாண்டுகளில் தில்லியில் உட்கார்ந்து அகில இந்திய வானொலியின் நேயர்களை மட்டும் எண்ணியவருக்கு, மக்களுக்கு வானொலியே சலித்துவிட்டது என்று தோன்றியிருக்கும். அவர்கள் முன்னைவிட ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், வேறொரு நாட்டு நிலையத்தை.

எதிர்க்கட்சியின் வலுவான வாதத்தை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்பதற்கு வானொலி இனி ஈடாகாது. விருப்பப் பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டுக் காத்திருந்த காலம் திரும்பாது, திரும்பவும் வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்ரயிலில் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் செயலிப் பாட்டுதான். நிறுவன வண்டி ஓட்டுநர்கள்கூடப் பலர் கைப்பேசியை ப்ளூடூத்தில் இணைத்துக்கொள்கிறார்கள். தனியார் நிலையங்களின் விளம்பர வருவாய் சுருங்கியதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதிலிருந்து என்ன பெறப்படுகிறது? பாட்டுப் பெட்டி என்ற வேலையில் வானொலி தோற்றது என்பது மட்டும்தான். வானொலியின் முழு வேலையும் பாட்டுப் போடுவதுதான் என்று வைத்துக்கொண்டால்தான் அது சாவாகும். அப்படி வைத்துக்கொண்டவர்கள் நேயர்கள் அல்லர், நிலையங்களும் அரசும்தான். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி சொல்ல இந்நாட்டில் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் அஞ்சல் செய்யலாம் என்ற அளவோடு 2011ஆம் ஆண்டுக் கொள்கை நின்றுவிட்டது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்வெட்டு, குடிநீர் அறிவிப்பு போன்றவற்றைச் செய்திக் கணக்கில் சேர்க்காமல் சொல்லலாம் என்றது. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் செய்தி சொல்ல விடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில்தான் பரிந்துரைத்தது. இருபது ஆண்டுகள் வாயைக் கட்டிவிட்டு, பாட்டும் பகடியும் மட்டும் போடவைத்துவிட்டு, பாட்டுக்கு வேறு வழி வந்ததும் கேட்பவர் குறைந்தார்கள் என்று நேயர் மீது பழி போடுவது அநியாயம்.

அனுமதித்ததையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. தெற்குப் புறநகரில் குடியிருப்பவன் என்ற முறையில் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகச் சிறுசேரி வரை மெட்ரோ பணி நடக்கிறது. எந்தத் திருப்பம் எந்த வாரம் மூடும் என்பது பல்லாயிரம் பேரின் காலை நேரத்தைத் தீர்மானிக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது, எந்த ஊர் வண்டி எங்கிருந்து கிளம்பும் என்று தெரியாமல் மக்கள் மூட்டையோடு அலைந்தார்கள். இவை செய்தித் தடைக்குள் வராத செய்திகள். ஆனால் காலையில் பண்பலையைத் திருப்பினால் நகரத்தின் நடுவிலிருந்து நகரத்தின் நடுவுக்குத்தான் பேசுகிறார்கள். முடிச்சூர், மாடம்பாக்கம், தாழம்பூர், கேளம்பாக்கம் என்ற பெயர்கள் காற்றில் வருவதற்கு மழை வெள்ளம் வரவேண்டியிருக்கிறது.

வெள்ளம் என்றதும் 2015 டிசம்பர் முதல் தேதி இரவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அடையாறு கரை மீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. மின்சாரம் போனது, அதைத் தொடர்ந்து கைப்பேசிக் கோபுரங்கள் பல இடங்களில் அடங்கின. மறுநாள் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை; மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய அந்த நாளிதழின் வரலாற்றில் முதல்முறை. பத்திரிகை இல்லை, தொலைக்காட்சிக்கு மின்சாரம் இல்லை, இணையத்துக்குக் கோபுரம் இல்லை. அந்த நாட்களில் வானொலி நிலையங்கள் பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு எங்கே படகு வேண்டும், எங்கே சோறு கிடைக்கும், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தன. பேட்டரியில் ஓடும் ரேடியோவோ பட்டன் போனோ வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். யாரும் கேட்பதில்லை என்று அதற்கு முந்தைய வாரம்வரை சொன்னவர்களும் கேட்டார்கள்.

இது உணர்ச்சிவசப்பட்ட வாதம் என்று தள்ள வேண்டாம், இதன் அடியில் பொறியியல் இருக்கிறது. இணையத்தில் ஆயிரம் பேர் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டால் ஆயிரம் தனித்தனி ஓடைகள் வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் அலைக்கற்றையும் மின்சாரமும் கேட்பவரின் டேட்டாவும் செலவாகும். அதற்காகத்தான் சிறுசேரி சிப்காட்டிலேயே அதானிகனெக்ஸும் ஈக்வினிக்ஸும் தரவு மையங்களை எழுப்பியிருக்கின்றன. பண்பலை ஒலிபரப்பிக்கு ஒருவர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒரே மின்செலவுதான். கூட்டம் கூடியதால் வானொலி திணறியது என்பது நடக்கவே முடியாத ஒன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் தகவல் தேடும் பேரிடர் நாளில் இணையம் இளைப்பதும் வானொலி நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான். 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நீரில் நின்றபோதும் இதே பாடம்தான் திரும்ப வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கைப்பேசித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது: கருவியில் பண்பலை ஏற்பி இருந்தால் அதை முடக்காதீர்கள், இல்லையென்றால் சேர்க்கப் பாருங்கள் என்று. அப்படிச் சொல்லவேண்டிய நிலை ஏன் வந்தது? இயர்போன் கம்பிதான் கைப்பேசிக்கு ஆண்டெனா. புதுக் கருவிகளில் அந்தக் கம்பி செருகும் துளையை எடுத்தார்கள், பண்பலையும் சேர்ந்தே போனது. பல கருவிகளில் சில்லு இருந்தும் இயக்காமல் விட்டார்கள். கருவியை மக்களின் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதுவதை எப்படி ஏற்பது?

இனி அந்த 'மிச்சம் இருப்பவர்கள்' விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் உறுத்துவது அதுதான். முதியவர்கள், ஓட்டுநர்கள், காவலாளிகள், சமையலறைப் பெண்கள் மட்டும்தான் கேட்கிறார்கள் என்பது, கேட்பவர் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு அவர்களைக் கணக்கில் சேர்க்க மறுப்பது. நாவலூரிலும் ஏகாட்டூரிலும் படூரிலும் வானளாவும் அடுக்ககங்கள் ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு காவல் கூண்டு. இரவு முழுக்க விழித்திருக்க வேண்டிய ஆள் அதற்குள் இருக்கிறார். அவரிடம் இருப்பது பல வேளைகளில் பட்டன் போன். நள்ளிரவுப் பணி முடிந்து வருபவரை ஏற்றிச்செல்லக் காத்திருக்கும் வண்டி ஓட்டுநர், அதிகாலைப் பால் வண்டிக்காரர், மேற்குத் தாம்பரத்துத் தையல் கடைக்காரர், சானடோரியம் மெப்ஸ் வளாகத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குக் கிளம்பும்முன் சமைத்து முடிக்கவேண்டிய பெண்: இவர்கள் எல்லோருக்கும் கை ஓயாது, கண் ஓயாது. திரை இவர்களுக்கு உதவாது, காதுதான் சும்மா இருக்கிறது. வானொலி எப்போதுமே வேலை செய்யும் உடம்புகளோடு கூடிவந்த ஊடகம். வேலையின் நேரம் மாறினால் கேட்கும் நேரமும் மாறும். ஐடி நிறுவனங்கள் அமெரிக்கப் பகலுக்கு விழித்திருக்கத் தொடங்கியபோது, அவற்றைச் சுற்றி வாழும் ஆயிரக்கணக்கானவர்களின் இரவும் விழித்துக்கொண்டது. பண்பலைகளில் இரவு பத்துக்கு மேல் இளையராஜா பாட்டு நிகழ்ச்சிகள் இத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்பது யாருக்காக என்று நினைக்கிறீர்கள்?

விளம்பரக்காரருக்கு இவர்கள் வாங்கும் சக்தி குறைந்தவர்கள். அதனால் அவர் கணக்கில் இவர்கள் இல்லை. ஒரு வணிகருக்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருக்கலாம். வாங்குபவர் இல்லை என்பதைக் கேட்பவர் இல்லை என்று மாற்றிச் சொல்லி, பத்திரிகையும் அரசும் அதையே திருப்பிச் சொல்லும்போதுதான் அது பொய்யாகிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச்சொத்தின் பயனாளிகளைச் சட்டைப்பையின் கனத்தை வைத்து எண்ணக் கூடாது.

சிறிய அளவில் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. கிண்டியைச் சுற்றியுள்ள பகுதிகளின் பெண்களை ஒலிவாங்கி முன் உட்கார வைத்தது. காட்டாங்கொளத்தூரில் எஸ்ஆர்எம் நடத்தும் முத்துச்சரம், அண்ணா பல்கலைக்கழக வானொலியின் அதே 90.4 அலைவரிசையில் பேசுகிறது. பாம்பனில் 2016இல் எழுந்த கடல் ஓசை மீனவர்களுக்கென்றே பேசுகிறது, காற்றையும் அலையையும் அவர்கள் மொழியில் சொல்கிறது. நூறு வாட் திறனும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வீச்சும்தான் இவற்றுக்கு. கோவளத்திலும் நெம்மேலியிலும் படகு தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். கரையிலிருந்து சில கிலோமீட்டரில் உலகுக்கே மென்பொருள் எழுதும் வளாகம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பேசும் ஒரு நிலையத்தை எழுப்ப இங்கே பணமும் பொறியாளர்களும் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நான் கேட்பது ஒரு கணக்கு. தாம்பரம் மாநகராட்சி எல்லையிலும் சிறுசேரி முதல் கேளம்பாக்கம் வரையிலும் ஒரு முழு வாரம் எடுக்கட்டும். வீட்டில் ரேடியோ உண்டா என்று கேட்காமல், நேற்றுக் காலையிலிருந்து இரவுவரை காதில் என்ன விழுந்தது, எதில் விழுந்தது என்று கேட்கட்டும். மாலை ஆறு மணிக்கு வரவேற்பறையில் கேட்பதோடு நிற்காமல், அதிகாலை ஐந்துக்குச் சமையலறையிலும் பகல் பதினொன்றுக்குத் தையல் கடையிலும் பின்னிரவு இரண்டுக்கு சிப்காட் வாசலிலும் கேட்கட்டும். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பழைய மாமல்லபுரம் சாலையின் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்களிடம், எந்த மொழியில் ஒரு நிலையம் இருந்தால் கேட்பீர்கள் என்றும் கேட்கட்டும். அதை எடுத்து முடித்த பிறகும் கேட்பவர் இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்தத் தாள்களை அவரோடு உட்கார்ந்து பார்க்க நான் தயார்.